அந்த இரண்டாவது அவுட் எங்கிருந்து வந்தது?

கேள்வி: அறுபது, எழுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் நடந்த பேஸ்பால் ஆட்டங்களின் கணக்கையெல்லாம் வரி விடாமல் சேகரித்து வைத்திருக்கிறார்களாமே? ஜெயித்தது யார், தோற்றது யார் என்று தெரிந்தால் போதாதா? மற்றதெல்லாம் வெட்டி வேலைதானே?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: போதாது. ஒரே ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1959 மே 26, மில்வாக்கி. பிட்ஸ்பர்க் பைரேட்ஸை மில்வாக்கி பிரேவ்ஸ் 1-0 என்று ஜெயித்தது. தோற்ற பிட்சர் (பந்து வீசுபவர்) ஹார்வி ஹாடிக்ஸ். நீங்கள் கேட்கும் அளவுக்கு விஷயம் இத்தோடு முடிந்தது.

இப்போது அந்த ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோரைப் பாருங்கள். கிரிக்கெட் ஸ்கோர்கார்டு படிக்கத் தெரிந்தவருக்கு இது புரியாமல் போகாது. இதற்கு வடிவம் கொடுத்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்து, நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர்தான். அதில் ஹாடிக்ஸ் பெயருக்கு நேரே இருப்பது: 12⅔ இன்னிங்ஸ், ஹிட் (பந்தை அடித்து, பேஸ் எனும் ஓடிச் சேரும் இடத்தை அடைந்தது) 1, ரன் 1, பிட்சர் பொறுப்பில் சேரும் ரன் 0, வாக் (அடிக்காமலே இலவசமாக முதல் பேஸ் போனது) 1, ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க முடியாமல் அவுட்டானது) 8.

பேஸ்பாலில் ஒவ்வொரு அணிக்கும் 9 இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு 3 அவுட். எதிரணியில் ஒருவரைக்கூட பேஸ் ஏற விடாமல் 27 பேரையும் திருப்பி அனுப்பினால் அது பெர்ஃபெக்ட் கேம். மிக அபூர்வம். ஹாடிக்ஸ் அன்று அதைச் செய்து முடித்தார். ஆனால் அவருடைய அணி ஒரு ரன்கூட எடுத்துக் கொடுக்காததால் ஆட்டம் நீண்டது. 10, 11, 12-ஆவது இன்னிங்ஸிலும் அப்படியே. வரிசையாக 36 பேர் வந்தார்கள், 36 பேரும் அவுட். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் ஒரே ஆட்டத்தில் இதைச் செய்தவர் வேறு எவரும் இல்லை.

13-ஆவது இன்னிங்ஸில்தான் எல்லாம் கலைந்தது. பைரேட்ஸின் டான் ஹோக் பந்தை எடுத்துத் தவறாக எறிய, ஃபெலிக்ஸ் மான்டியா முதல் பேஸ் ஏறினார். எடி மேத்யூஸ் பன்ட் அடித்து (பந்தை மெல்லத் தட்டிவிட்டு), தான் அவுட்டாகி, அவரை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தினார். ஹாங்க் ஆரனை வேண்டுமென்றே வாக் கொடுத்து முதல் பேஸுக்கு அனுப்பினார்கள். அடுத்து வந்த ஜோ அட்காக் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தார். ஹோம் ரன், பேஸில் நின்ற இருவரையும் சேர்த்து மூன்று ரன்.

அப்படியானால் ஸ்கோர் 3-0 அல்லவா? ஏன் 1-0? அதற்கான விடை அந்த ⅔-இல் இருக்கிறது. 12 இன்னிங்ஸுக்கு மேல் இரண்டு அவுட் என்பது அதன் பொருள். ஒன்று மேத்யூஸ். இன்னொன்று யார்? ஹோம் ரன் அடித்த அட்காக்கேதான்! மான்டியா ரன் எடுத்ததும் ஆட்டம் முடிந்தது என்று நினைத்து ஆரன் பாதையை விட்டு விலகிப் போக, பின்னால் ஓடி வந்த அட்காக் அவரைத் தாண்டிவிட்டார். முன்னால் ஓடுபவரைத் தாண்டினால் அவுட். லீக் தலைவர் வாரன் ஜைல்ஸ் தலையிட்டு, ஹோம் ரனை வெறும் டபுளாக்கி (இரண்டாவது பேஸ் வரைக்குமான அடி), ரன்னையும் ஒன்றாகக் குறைத்தார். கூட்டிப் பார்த்தாலும் கணக்கு நேராகும்: ஹாடிக்ஸை எதிர்கொண்டவர்கள் 40 பேர், 38 அவுட், 1 ரன், பேஸிலேயே நின்றுபோன ஆரன் ஒருவர். பிட்சர் பொறுப்பில் ரன் 0 என்று இருப்பதற்குக் காரணம், அந்த ரன் ஹோக்கின் பிழையில் பிறந்தது. இத்தனையும் ஒரே வரியில் இருக்கிறது. வெட்டி வேலை என்கிறீர்கள்!

1991-இல் மேஜர் லீக் ஒரு குழுவை வைத்து விதியை இறுக்கியது. ஆட்டம் முடியும்வரை ஹிட் கொடுக்காமல் இருந்தால்தான் ஹிட்டே கொடுக்காத ஆட்டங்களின் பட்டியலில் இடம் என்றார்கள். ஹாடிக்ஸின் ஆட்டம் நீக்கப்பட்டது. அவருக்கு அதில் ஓர் இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் குழுவால் பட்டியலைத்தான் திருத்த முடிந்தது. 12⅔ என்ற வரியைத் தொட முடியவில்லை. யாராவது ஹாடிக்ஸுக்காக வாதாட நினைத்தால் சாட்சி பத்திரமாக இருக்கிறது.

எண்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுமா என்றால், இல்லை. ஹாடிக்ஸ் அன்று காய்ச்சலோடு ஆடினார். கேட்சர் (பேட்ஸ்மேனுக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்) பிட்சருக்குக் கொடுக்கும் சைகைகளை பிரேவ்ஸ் ஆட்கள் தொலைவிலிருந்து பார்த்து, அடுத்து வரும் பந்து என்னவென்று தங்கள் பேட்ஸ்மேன்களுக்குத் தெரியப்படுத்தினார்கள்; பல வருஷம் கழித்து அந்த அணியின் பாப் பியூல் இதை ஒப்புக்கொண்டார். பாக்ஸ் ஸ்கோரில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு போய் அந்த 36-ஐ மறுபடி பாருங்கள், மலைப்பு இரட்டிப்பாகும்.

1989-இல் தொடங்கிய ரெட்ரோஷீட் என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் இப்படிப் பழைய ஆட்டங்களைத் தேடியெடுத்து, எல்லோரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். அவர்களைக் கைகூப்பி வணங்கலாம்.

இன்னொன்று. ஜெயித்தவர் பெயர் போதும் என்றீர்கள். அன்று ஜெயித்த பிட்சர் லூ பர்டெட். 13 இன்னிங்ஸும் அவரே வீசினார். 12 ஹிட் வாங்கினார், ஒரு வாக் கொடுக்கவில்லை, ஒரு ரன் கொடுக்கவில்லை. அந்தப் பக்கத்தைத் திறக்காமல் இருந்தால் ஜெயித்தவரைப் பற்றியும் உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.