நாலு பேரைச் சேர்த்துவிட்டேன், இப்போது நிறுத்தலாமா?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறேன். மாதச் சம்பளம் 28,000. போன ஞாயிறு பிள்ளைகளோடு டிவியில் 'பிர் ஹேரா பேரி' பார்த்தேன். பணம் இரட்டிப்பாகும் என்று நம்பி அக்‌ஷய் குமார் ஓடும்போது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாலு மாதம் முன்பு, கூட வேலை பார்ப்பவர் சொல்லி 15,000 ரூபாய் கட்டி ஒரு நெட்வொர்க் கம்பெனியில் சேர்ந்தேன். சோப்பு, சத்துமாவு எல்லாம் வைத்து ஒரு பெட்டி தந்தார்கள். ஆள் சேர்த்தால் தலைக்கு 2,500 கமிஷன். மைத்துனர், பக்கத்து வீட்டுக்காரர், தம்பியின் நண்பர்கள் இருவர் என நாலு பேரைச் சேர்த்தேன். இன்னும் இரண்டு பேர் வந்தால் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். ஒரு லட்சம் கட்டி 'டைமண்ட்' ஆனால் சீக்கிரம் சம்பாதிக்கலாம் என்கிறார் அப்லைன், அதாவது திட்டத்தில் எனக்கு மேலே இருப்பவர். மனைவியின் வளையலை அடகு வைக்கலாமா? படத்தில் வருவதும் இதுவும் ஒன்றுதானா?

பதில்: வளையல் பீரோவிலேயே இருக்கட்டும். அந்த இரண்டு பேரையும் தேடாதீர்கள்.

2006ல் வந்த அந்தப் படத்தில் வருவது பணத்தை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொல்லும் திட்டம். உங்களுடையது ஆள் சேர்க்கும் திட்டம். வகை வேறுதான். ஆனால் படத்தில் ஓர் இடத்தை நினைத்துப் பாருங்கள். இருக்கிற பங்களாவை விற்றும் பணம் போதவில்லை. உடனே ராஜு (அக்‌ஷய் குமார்) ஒரு சில்லறை ரவுடியைப் பேசிப் பேசியே உள்ளே இழுக்கிறான். அவன் தன் பங்குக்கு ஒரு பெரிய ரவுடியிடம் கடன் வாங்குகிறான். ஏமாந்தவன் அங்கேயே, தனக்குத் தெரியாமலே, அடுத்தவனை ஏமாற்றுகிறவனாகவும் ஆகிவிடுகிறான். உங்களுக்கு வயிற்றைக் கலக்கியது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 15,000 திரும்பி வர ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும். அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேர், அப்புறம் அவர்களும் ஆறு என்று போனால் பன்னிரண்டாம் அடுக்கில் 217 கோடி பேர் தேவை. இந்தியாவின் மக்கள்தொகையே ஏறக்குறைய 140 கோடிதான். இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இந்தச் சங்கிலி எந்த இடத்தில் அறுந்தாலும், அன்றைக்குக் கடைசி அடுக்கில் நிற்பவர்கள் மொத்தக் கூட்டத்தில் ஆறில் ஐந்து பங்கு. அவர்கள் யாருக்கும் ஒரு கமிஷன்கூட வந்திருக்காது. இன்று அந்த அடுக்கில் இருப்பவர் உங்கள் மைத்துனர்.

சோப்பும் சத்துமாவும் கொடுக்கிறார்களே என்பீர்கள். சரி, திட்டத்தில் சேராத யாராவது அந்தப் பெட்டியை அந்த விலைக்கு வாங்கினார்களா? நேர்மையான நேரடி விற்பனையில் வருமானம் பொருளை விற்பதிலிருந்து வரும். இங்கே ஆளைச் சேர்த்தால்தான் வருகிறது. 2011ல் மும்பை போலீசின் பொருளாதாரக் குற்றப் பிரிவு விசாரித்த ஸ்பீக் ஏசியா என்ற கம்பெனியில் சோப்புக்குப் பதில் சர்வே இருந்தது. 11,000 ரூபாய் கட்டிவிட்டு, சர்வே நிரப்பினால் வாரம் 1,000 ரூபாய் என்றார்கள். லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களின் பணத்திலிருந்துதான் பழையவர்களுக்குக் கொடுத்தார்கள் என்பது போலீசின் குற்றச்சாட்டு.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மீட்டிங்குகளில் இதைச் சொல்லமாட்டார்கள். பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் 1978ஆம் ஆண்டு சட்டம் நடத்துகிறவரை மட்டும் பிடிப்பதில்லை. ஆள் சேர்ப்பதும், அதற்காகப் பணம் வாங்குவதும், உறுப்பினராகச் சேர்வதுமே அதன்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 2021ல் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிடு திட்டத்தை, அதாவது இப்படி ஆளுக்கு மேல் ஆள் சேர்த்துப் பணம் பார்க்கும் திட்டத்தை, தடை செய்கின்றன. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஐந்தாவது ஆளை நீங்கள் சேர்த்துவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன்.

இந்தி சினிமாவில் இப்படிப்பட்ட மோசடிக்கெல்லாம் சிட்பண்ட் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்து நடக்கும் சீட்டு வேறு. அதில் சேர்ந்தவர்கள் கட்டும் பணம் சேர்ந்தவர்களுக்கே சுற்றி வரும், புதிது புதிதாக ஆள் பிடிக்க வேண்டியதில்லை. வீட்டில் யாராவது பதிவுச் சீட்டு கட்டினால் அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கமிஷனாக உங்கள் கைக்கு வந்த 10,000 ரூபாய் அந்த நாலு பேர் கட்டிய பணத்திலிருந்து வந்தது. ஆளுக்கு 2,500 திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் நஷ்டம் 5,000 ரூபாயிலிருந்து 15,000 ஆகும், தெரியும். 28,000 சம்பளத்தில் அது பெரிய தொகை. மாதம் 3,000 ரூபாய் ஆர்டியில் (வங்கியில் மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போட்டால் ஐந்து மாதத்தில் அந்தப் பணம் சேர்ந்துவிடும். மைத்துனரோடு உறவு முறிந்தால் அதை எந்த ஆர்டியாலும் சேர்க்க முடியாது.

பணம் கட்டிய ரசீது, யுபிஐ விவரம், வாட்ஸாப்பில் அப்லைன் அனுப்பிய வாக்குறுதிகள், மீட்டிங் படங்கள் எதையும் அழிக்காதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கம்பெனிக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, ஐந்து பேரும் சேர்ந்து போலீசில் புகார் கொடுங்கள். ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்திலும் பதியலாம். தனியாகப் போவதைவிட ஐந்து பேராகப் போனால் புகாருக்கு வலு அதிகம்.

ஆனால் இதற்கெல்லாம் முன்பு அந்த நாலு பேரிடமும் நீங்கள் பேசிவிட வேண்டும். மைத்துனருக்கு இன்று ராத்திரியே போன் செய்யுங்கள். அவரும் இந்நேரம் யாரையாவது சேர்க்கப் பேசிக்கொண்டிருக்கலாம்.