திரையில் பெரிய எழுத்து, கமாண்டில் சின்ன எழுத்து

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் (Node.js) வெர்ஷன்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்த என்விஎம் (nvm) என்ற கருவியை வைத்திருக்கிறேன். கிடைக்கும் வெர்ஷன்களின் பட்டியலைக் கேட்டால், 18-ன் பக்கத்தில் ஹைட்ரஜன் என்ற பெயர் வருகிறது, முதல் எழுத்து பெரிய எழுத்தில். அதை அப்படியே பார்த்து இன்ஸ்டால் கமாண்டில் அடித்தால், எல்டிஎஸ் (LTS, நீண்டகால ஆதரவு) பெயர்கள் சின்ன எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிடுகிறது. அது காட்டிய பெயரைத்தானே நான் கொடுத்தேன்? தவறு என்னுடையதா?

பதில்: இல்லவே இல்லை. திரையில் பார்த்ததை அப்படியே திருப்பி அடிப்பதுதான் கமாண்ட் லைனில் வேலை செய்கிற யாரும் இயல்பாகச் செய்வது. ஒரு கருவி தன் வாயால் சொன்ன பெயரை அதன் காது ஏற்க மறுத்தால், குறை கருவியிடம்தான்.

இப்படி ஆனதற்குக் காரணம், ஒரே பெயர் இரண்டு இடங்களிலிருந்து வருவது. நோட் குழு தன்னுடைய நீண்டகால ஆதரவு வெர்ஷன்களுக்குத் தனிமங்களின் பெயர்களை ஆங்கில அகரவரிசையில் வைக்கிறது. 4-க்கு ஆர்கான், 6-க்கு போரான், 8-க்கு கார்பன் என்று போய், 18-க்கு ஹைட்ரஜன், 20-க்கு அயர்ன். (22-க்கு வந்தபோது ஜே-யில் தொடங்கும் தனிமம் ஆங்கிலத்தில் இல்லை, அயோடினின் ஜெர்மன் பெயரான ஜோட் என்பதை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த தேர்வு அது.) நோட் தளத்தின் வெளியீட்டுப் பட்டியலில் இவை பெயர்ச்சொற்கள் என்பதால் முதல் எழுத்து பெரியது. நீங்கள் பார்த்த பட்டியல் அங்கிருந்து வருகிறது.

இன்னோர் இடம் உங்கள் கணினி. என்விஎம் ஃபோல்டருக்குள் ஏலியஸ் என்றொரு ஃபோல்டர், அதற்குள் எல்டிஎஸ் என்று இன்னொன்று. அதைத் திறந்து பாருங்கள். பெயருக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன ஃபைல்கள் இருக்கும், எல்லாப் பெயர்களும் முழுக்கச் சின்ன எழுத்தில். கேலியம் என்ற ஃபைலைத் திறந்தால் உள்ளே v-யும் 16.20.2-ம் ஒட்டிய ஒரே ஒரு வரி. ஆக, நீங்கள் அடிக்கும்போது தனிமத்தின் பெயரை அடிக்கவில்லை, ஒரு ஃபைலின் பெயரை அடிக்கிறீர்கள். இதை யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை.

இங்கேதான் இன்னொரு பள்ளம். மேக் கணினிகள் வழக்கமான அமைப்பில் ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை. லினக்ஸ் கண்டுகொள்ளும். எங்கள் குழுவுக்காக இதே மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் நான் எழுதியிருந்தேன்: வெர்ஷன் பெயரை வாங்கி, அந்தப் பெயரில் உள்ள ஃபைலைத் திறக்கும், அவ்வளவுதான். மேக்கில் பல வாரம் ஓடியது. லினக்ஸ் சர்வருக்குப் போன அன்று, அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது. ஃபைல் கண் முன்னால் இருக்கிறது! பெர்மிஷன் பார்த்தேன், பாதை பார்த்தேன், ஸ்கிரிப்டை மூன்று முறை படித்தேன். மாலை முழுக்கப் போனபின், பட்டியலில் இருந்த பெயரையும் நான் கொடுத்த பெயரையும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டிப் பார்த்தபோதுதான் அந்த ஒரு எழுத்து கண்ணில் பட்டது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாத தமிழில் படிக்கப் பழகிய கண்ணுக்கு இரண்டும் ஒரே சொல்லாகத்தான் தெரியும்.

அதனால், எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி மறுப்பது, ஓரிடத்தில் ஓடி ஓரிடத்தில் படுத்துக்கொள்வதைவிட மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்விஎம்மில் அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நீங்கள் கொடுத்த பெயரைச் சின்ன எழுத்துக்கு மாற்றி, மாற்றியதும் கொடுத்ததும் ஒன்றா என்று ஒப்பிடுகிறது. வேறாக இருந்தால் பிழை. அதாவது, சரியான பெயர் அந்த நொடியில் அதன் கையிலேயே இருக்கிறது. அதை வைத்தே வேலையை முடித்திருக்கலாம். குறைந்தபட்சம், 'இந்தப் பெயரா?' என்று கேட்டிருக்கலாம்.

எழுத்தை மாற்றுவது எல்லா இடத்திலும் எளிதல்ல என்பதும் உண்மை. துருக்கி மொழியில் பெரிய ஐ-யின் சின்ன வடிவத்துக்கு மேலே புள்ளி கிடையாது. அது வேறு எழுத்து. அயர்ன் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. உங்கள் சொந்த ஸ்கிரிப்டில் எழுத்தை மாற்றுவதானால், மொழி அமைப்பை (locale) எந்த நாட்டு மொழி விதியும் சேராத 'சி' (C) என்று வைத்துவிட்டு, பெயர் உள்ளே நுழையும் ஒரே இடத்தில் மாற்றுங்கள்.

என்விஎம் அப்படி மாறும்வரை? புராஜெக்டில் வெர்ஷனைக் குறிக்கும் ஃபைலில் பெயரை விட்டுவிட்டு எண்ணைப் போடுங்கள். வெறும் 18 போதும். எண்ணில் பெரியது சின்னது இல்லை.

கேள்வி: வெர்ஷன் பார்க்கச் சின்ன v-யா, பெரிய V-யா? ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி இருக்கிறதே.

பதில்: நோடில் சின்ன v. பைத்தானில் பெரிய V. அங்கே சின்ன v அடித்தால், எந்தெந்த மாட்யூலை ஏற்றுகிறது என்று திரை நிறையக் கொட்டும். இணைய முகவரிகளிலிருந்து தரவை எடுக்கும் கர்லிலும் (curl) பெரிய V-தான் வெர்ஷன், சின்ன v என்றால் நடப்பதை விளக்கமாகச் சொல் என்று பொருள். மனப்பாடம் செய்யாதீர்கள். இரண்டு கோடு போட்டு 'வெர்ஷன்' என்று ஆங்கிலத்தில் முழுதாக, சின்ன எழுத்தில் அடியுங்கள். மூன்றிலும் வேலை செய்யும்.

கேள்வி: எங்கள் லைப்ரரியில் 1.0.0-beta-வுக்குப் பிறகு 1.0.0-RC (இறுதி வெளியீட்டுக்கு முந்தைய வெர்ஷன்) வெளியிட்டோம். வரிசைப்படுத்தினால் பீட்டாதான் புதியது என்கிறது. வெர்ஷன்களுக்கு எண் கொடுக்கும் முறையான செம்வெர் (SemVer) விதிப்படிதான் எண் கொடுத்தோம்.

பதில்: விதிப்படி பீட்டாதான் புதியது. கோட்டுக்குப் பின் வரும் சொற்களை செம்வெர், ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஆஸ்கி (ASCII) வரிசையில் ஒப்பிடுகிறது. ஆஸ்கியில் பெரிய எழுத்துகள் 65 முதல் 90 வரை, சின்னவை 97 முதல் 122 வரை. உங்கள் பெரிய R-ன் எண் 82, சின்ன b-யின் எண் 98. பெரிய எழுத்தில் எழுதிய எந்தச் சொல்லும் சின்ன எழுத்துச் சொல்லுக்கு முன்னால்தான் போய் நிற்கும். பைத்தானின் வெர்ஷன் விதி (பெப் 440) இந்த வேறுபாட்டைப் பார்ப்பதே இல்லை. RC என்று கொடுத்தாலும் rc என்றே எடுத்துக்கொள்கிறது. அங்கிருந்து வந்தவர்கள் இதில் மாட்டிக்கொள்வது சகஜம்.

வெளியிட்டதைத் திருத்தாதீர்கள், செம்வெர் அதை அனுமதிப்பதில்லை. சின்ன எழுத்தில் 1.0.0-rc.1 என்று புதிதாக ஒன்றை வெளியிடுங்கள். சின்ன r-ன் எண் 114. பீட்டாவுக்கும் பழைய RC-க்கும் மேலே வந்துவிடும்.