போக 4 மணி நேரம், வர 12 மணி நேரமா?

கேள்வி: நியூயார்க்கில் இருக்கும் மகளைப் பார்க்க மார்ச் 20-ஆம் தேதி லண்டனிலிருந்து போகிறேன், ஏப்ரலில் திரும்புகிறேன். போகும்போது காலை 10 மணிக்குக் கிளம்பி மதியம் 2 மணிக்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. திரும்பும்போது மாலை 7-க்கு ஏறினால் மறுநாள் காலை 7-க்குத்தான் வந்து சேருமாம். "வரும்போது சுற்றுவழி; கூடுதலாகக் கட்டினால் நேர்வழி விமானம் போட்டுத் தருகிறேன்" என்கிறார் ஏஜென்ட். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையம் சுமார் 5,550 கிலோமீட்டர். போனாலும் வந்தாலும் தூரம் அதுதான். அன்றைய காற்றைப் பார்த்துப் பாதையைக் கொஞ்சம் வடக்கே, தெற்கே நகர்த்துவார்கள். அதை முடிவு செய்வது விமான நிறுவனம். ஏஜென்ட் விற்கக்கூடிய சரக்கே இல்லை அது.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். நியூயார்க் லண்டனுக்கு 5 மணி நேரம் பின்னால். ஏப்ரலில் உங்கள் 12 மணியில் 5-ஐக் கழித்தால் 7. உண்மையில் திரும்பும் பயணம்தான் சீக்கிரம் முடிகிறது. அட்லாண்டிக் மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று ஓடுகிறது. லண்டனை நோக்கி வரும்போது அது பின்னாலிருந்து தள்ளும். 2020 பிப்ரவரியில் ஒரு ஜம்போ விமானம் இப்படித்தான் 5 மணி நேரத்துக்குள் லண்டன் வந்து சேர்ந்தது.

போகும் கணக்கில் மட்டும் ஒரு சிக்கல். 4-ஓடு 5-ஐக் கூட்டி 9 மணி நேரம் என்று நினைத்துவிடுவீர்கள், 8-தான். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுகிறது. பிரிட்டன் கடைசி ஞாயிறுதான் தள்ளும். இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் 4 மணி நேரம். அக்டோபர் கடைசி ஞாயிறு தொடங்கி ஒரு வாரமும் இதே கதை. உங்கள் 20-ஆம் தேதி சரியாக இதற்குள் விழுகிறது. டிக்கெட்டில் நேரம் சரியாகவே இருக்கும். வீட்டில் விரல்விட்டு எண்ணும்போதுதான் தப்பு வரும். இறங்கும் நேரத்தை நியூயார்க் நேரமாகவே மகளிடம் சொல்லுங்கள். இரண்டு அரசாங்கமும் ஒரே ஞாயிறைப் பேசி முடிவு செய்தால் என்ன குறைந்துவிடும்? வருஷாவருஷம் ஜனங்கள்தான் அல்லாடுகிறார்கள்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. 'டைரக்ட்' என்ற சொல்லை நம்பாதீர்கள். நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறும் விமானத்தையும் அந்தப் பெயரில் விற்கலாம். 'நான்-ஸ்டாப்' என்றுதான் கேட்க வேண்டும். அதைவிட மோசம், தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டை ஒட்டவைத்து 'கனெக்டிங்' என்று கொடுப்பது. முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், பணம் போனது போனதுதான். முன்பதிவு எண் ஒன்றா, இரண்டா என்று இன்றே பாருங்கள். அதே எண்ணைப் போட்டு விமான நிறுவனத்தின் தளத்தில் இரண்டு பயணமும் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வந்தால், அந்த ஏஜென்ட்டிடம் இனி பேச வேண்டியதே இல்லை.