பால் சுறா புட்டு சாப்பிட்டால் பால் ஊறுமா? பாலூட்டும் தாய்மார்களின் மீன் கேள்விகள்

பிள்ளை பெற்ற வீட்டில் மீன் என்றாலே வாக்குவாதம்தான். ஒரு பாட்டி ஊட்டச் சொல்வார், இன்னொரு பாட்டி கண்ணிலேயே காட்டக் கூடாது என்பார். வந்த கேள்விகளில் மீனும் தாய்ப்பாலும் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

குழந்தை பிறந்து நாலு நாள் ஆகிறது. பால் போதவில்லை என்று அத்தை தினமும் பால் சுறா புட்டு செய்து தருகிறார். உண்மையிலேயே பால் ஊறுமா? (தூத்துக்குடி)

சாப்பிடுங்கள். ஆனால் தினமும் வேண்டாம், ஏன் என்று டொரோண்டோ கேள்வியில் சொல்கிறேன். பால் சுரக்கும் பொறுப்பையும் சுறாவின் தலையில் கட்டாதீர்கள்.

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் உடம்பில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மளமளவென்று இறங்கும். அது இறங்கினால்தான் பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் முழு வீச்சில் வேலை செய்ய முடியும். இதற்கு ஓரிரு நாள் பிடிக்கும் என்பதால்தான் இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் நடுவில் மார்பு கனத்துப் பால் இறங்குகிறது. சிசேரியன் ஆனவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இது கொஞ்சம் தள்ளிப்போகலாம். அதுவரை வருவது சீம்பால். ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு டீஸ்பூன்தான் இருக்கும், பிறந்த பிள்ளைக்கு அதுவே போதும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து முதல் புட்டு தட்டில் விழுவதும் பெரும்பாலும் அந்த மூன்றாம் நாள், நாலாம் நாளில்தான். பெயர் சுறாவுக்குப் போய்விடுகிறது!

அதற்குப் பிறகு கணக்கு எளிது. பிள்ளை எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு ஊறும். மார்பில் பால் தேங்கி நின்றால் உடம்பே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுங்கள், இரவையும் சேர்த்து. புரோலாக்டின் இரவில்தான் அதிகம் சுரக்கிறது.

அப்படியானால் புட்டினால் பயனே இல்லையா? உண்டு. 100 கிராம் சுறாவில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது, கொழுப்போ மிகக் குறைவு. பாலூட்டும் முதல் 6 மாதத்தில் தாய்க்குத் தினமும் 600 கலோரியும் சுமார் 17 கிராம் புரதமும் கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. ஒரு கிண்ணம் புட்டு அந்தப் புரதத்தைக் கொடுத்துவிடும். உங்கள் அத்தை துண்டுகளை வேகவைத்து, தோலை உரித்து, நீரை ஒட்டப் பிழிந்துவிட்டுத்தான் உதிர்ப்பார். கவனித்துப் பாருங்கள். சுறாவின் சதையில் யூரியா அதிகம், மீன் பழசானால் நவச்சார வாடை கிளம்புவது அதனால்தான். அந்த நீரோடு வாடையின் பெரும்பகுதி போய்விடும், மிச்சத்தைப் பூண்டும் மிளகும் சின்ன வெங்காயமும் பார்த்துக்கொள்ளும். நல்ல சமையல் அது.

ஒன்று மட்டும் அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பாலை வெளியே தள்ளுவது ஆக்சிடோசின். வலியும் பதற்றமும் இருந்தால் அது தயங்கும். பக்கத்தில் உட்கார்ந்து “பால் பத்தலையே, பத்தலையே” என்று சொல்லிக்கொண்டே இருந்தால் புட்டு தந்த தெம்பும் வீண்.

ஐந்தாம் நாளுக்கு மேல் பிள்ளை தினமும் 6 தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டால் பால் போதுகிறது என்று அர்த்தம். சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கடல் உணவில் உள்ள டாரினும் பெப்டைடுகளும் பால் சுரப்பைத் தூண்டும் என்று படித்தேன். சிப்பிச் சாறு பொடி ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கலாமா? (கோவை)

படித்தது கட்டுக்கதை இல்லை. பசுவின் மடியிலிருந்து எடுத்து வளர்த்த செல்களில் டாரின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்தபோது, பால் புரதம் உருவாவதை முடுக்கும் ‘எம்டார்’ என்ற பாதை சுறுசுறுப்பானதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். கணவாய், சிப்பி, மட்டி எல்லாவற்றிலும் டாரின் நிறைய உண்டு. புரதத்தை உடைத்துப் பெறும் சிறு பெப்டைடுகளையும் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

ஆனால் ஆய்வகத் தட்டில் இருக்கும் செல்லுக்கு நேராகப் போய்ச் சேரும் டாரின் வேறு, நீங்கள் விழுங்கிச் செரித்து ரத்தத்தில் கலந்து மார்புக்குப் போகும் டாரின் வேறு. மனிதத் தாய்மார்களிடம் பால் பெருக்கும் பொருட்களைச் சோதித்த 41 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2020இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. வெந்தயம், முருங்கை, சோம்பு, வாழைப்பூ என்று நம் அடுப்படிச் சாமான்கள் பலவும் அதில் இருந்தன. கொஞ்சம் பலன் இருக்கலாம், ஆனால் சான்று மிகப் பலவீனம் என்றுதான் முடித்தார்கள். முருங்கைக்கே அந்த நிலை என்றால், யார் தயாரித்தது என்று தெரியாத பொடிக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுவானேன்? சிப்பி பிடிக்கும் என்றால் நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள், துத்தநாகமும் பி12உம் கிடைக்கும்.

மீன் எண்ணெய் மாத்திரை இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். பால் கூடவே இல்லையே! (மதுரை)

மீன் எண்ணெயால் பால் அதிகமாகாது. அதன் வேலை அளவைக் கூட்டுவதல்ல, தரத்தை மாற்றுவது. தாய்ப்பாலின் புரதமும் லாக்டோஸும் தாயின் சாப்பாட்டைப் பொறுத்துப் பெரிதாக மாறுவதில்லை. கொழுப்பின் வகை மாறும். மத்தியோ கானாங்கெளுத்தியோ அடிக்கடி சாப்பிடுகிற தாயின் பாலில் டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு கூடும், மீனே தொடாதவரின் பாலில் குறையும். பிள்ளையின் மூளைக்கும் விழித்திரைக்கும் அது தேவை. தினமும் 200 மில்லிகிராம் டிஹெச்ஏ கிடைத்தால் போதும். வாரம் இரண்டு நாள் மத்திக் குழம்பு வைக்கிற வீட்டில் மாத்திரைக்குப் பெரும்பாலும் வேலையில்லை. காட் மீனின் ஈரல் எண்ணெய் வேறு சரக்கு. அதில் வைட்டமின் ஏ அதிகம், உங்களிஷ்டத்துக்கு எடுக்காதீர்கள்.

பூர்வீகம் யாழ்ப்பாணம். பிள்ளைப்பேறு பார்க்க வந்த அம்மா சுறா வறை செய்து தாறா. இங்குள்ள கிளினிக்கில் சுறா வேண்டாம் என்கினம். யார் சொல்வது சரி? (டொரோண்டோ)

இந்த ஒரு விஷயத்தில் கிளினிக் பக்கம்தான் நான்.

பிரச்சினை பாதரசம். சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, அதை அதைவிடப் பெரியது தின்ன, மேலே போகப் போக மெத்தில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். சுறா அந்த ஏணியின் உச்சியில் இருப்பது, பல வருடம் வாழ்வது. வேகவைத்துப் பிழிந்தால் யூரியா போகும், பாதரசம் போகாது, அது சதையின் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. பாலூட்டும் தாய் சுறா, வாள்மீன் போன்றவற்றை எல்லாம் சேர்த்து மாதத்துக்கு 150 கிராமுக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்கிறது கனடாவின் சுகாதாரத் துறை. அமெரிக்காவில் சுறாவை அடியோடு தவிர்க்கச் சொல்கிறார்கள்.

இதுவரை சாப்பிட்டதற்காகப் பயப்பட வேண்டாம். பிள்ளை கருவில் இருக்கும்போது போகிற அளவுக்குப் பாதரசம் பாலில் போவதில்லை. உடம்பில் சேர்ந்ததும் ஏறக்குறைய 50 நாளில் பாதியாகும். ஊரில் பாட்டி வாங்கிய பால் சுறா ஒரு மீட்டரை ஒட்டி வளரும் சின்ன ஜாதி, பெரிய சுறாக்கள் அளவுக்கு அதில் சேர்ந்திருக்காது. உங்கள் கடையில் உறைய வைத்து விற்கும் துண்டு எந்தச் சுறாவினுடையது என்று யாருக்குத் தெரியும்?

அம்மாவிடம் வறையை நிறுத்தச் சொல்ல வேண்டாம், மீனை மாற்றச் சொல்லுங்கள். காட் மீனும் ஹாடக்கும் நன்றாக உதிரும், தேங்காய்ப்பூவோடு பிரட்டினால் வித்தியாசம் குறைவு. பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் சரக்குக் கறிக்கு மத்தி, நெத்தலி. தமிழ்நாட்டுக் கரையில் இதே நாட்களில் காரப்பொடி என்ற சின்ன மீனில் குழம்பு வைப்பார்கள். விலை மலிவு, பாதரசம் குறைவு, முள்ளோடு மென்றால் கால்சியம். சுறாவை விட அதற்கே என் ஓட்டு. தூத்துக்குடி வாசகிக்கும் இது பொருந்தும். தினமும் வேண்டாம், சுறாவை எப்போதாவது வைத்துக்கொண்டு மற்ற நாளில் சின்ன மீனுக்கு மாறுங்கள்.

இறால் சாப்பிட்டால் பிள்ளைக்குக் கரப்பான் வரும், மீன் சாப்பிட்டால் தையல் சீழ் பிடிக்கும் என்கிறார்கள். (நாகப்பட்டினம்)

தையல் ஆறப் புரதம் வேண்டும், மீன் அதைத்தான் தருகிறது. கரப்பான் பெரும்பாலும் குடும்பவாகு. நீங்கள் இறால் சாப்பிட்ட போதெல்லாம் பிள்ளைக்குத் தடிப்பு வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கொரியத் தொடர்களில் பிள்ளை பெற்றவளுக்குக் கடற்பாசி சூப் தருகிறார்களே, நாமும் குடிக்கலாமா? (சென்னை)

‘மியோக்குக்’ என்று பெயர். அங்கே வாரக்கணக்கில் குடிப்பார்கள், நம் பத்தியக் குழம்பு மாதிரி. சிக்கல் அயோடின். பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கிண்ணம் சூப் பல மடங்கு தாண்டிவிடும். அது பாலிலும் இறங்கும். கொரியாவில் குறைமாதப் பிள்ளைகளின் தைராய்டு மந்தப்பட்டதற்கும் தாய்ப்பாலில் இருந்த மிகுதியான அயோடினுக்கும் தொடர்பு இருப்பதாக 2009இல் ஓர் ஆய்வு வந்தது. ஆசைக்கு ஒரு நாள் குடிக்கலாம், தினமும் வேண்டாம். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நாங்கள் சைவம். மீன் இல்லாததால் எனக்குப் பால் குறையுமா? (கும்பகோணம்)

குறையாது. டிஹெச்ஏ வேண்டுமென்றால் நுண்பாசியிலிருந்து எடுக்கும் எண்ணெய் மாத்திரை இருக்கிறது. ஆளிவிதையில் இருப்பது உடம்பில் டிஹெச்ஏவாக மாறுவது சொற்பம். நான் அதிகம் கவலைப்படுவது பி12 பற்றி. தாய்க்கு அது குறைந்தால் பாலிலும் குறையும், பிள்ளையின் நரம்பு வளர்ச்சி பின்தங்கும். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.