புகலிடத் தங்குமிடம் திறக்கும் முன்: அயலாரிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லக் கூடாது?

கேள்வி: மூடிக் கிடந்த ஒரு விடுதிக் கட்டடத்தைப் புகலிடம் கோருவோருக்கான தங்குமிடமாக நடத்தும் பொறுப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. 120 பேர் தங்கலாம். முதல் குடும்பங்கள் மூன்று வாரத்தில் வருகின்றன. தங்களை யாரும் கேட்கவில்லை என்று சுற்றுவட்டாரத்தில் கோபம் இருக்கிறது. வருபவர்கள் யார், எந்த நாட்டினர் என்ற பட்டியலையும் கேட்கிறார்கள். பெரிய பொதுக்கூட்டம் ஒன்றை நடத்தி எல்லாவற்றையும் விளக்கிவிடலாமா?

பதில்: பொதுக்கூட்டத்தை முதல் சந்திப்பாக வைத்துக்கொள்ள வேண்டாம். முந்நூறு பேர் கூடும் மண்டபத்தில் உரக்கப் பேசுபவர்களின் குரல் மட்டுமே கேட்கும். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் வழி பற்றியோ இரவுச் சத்தம் பற்றியோ நியாயமான சந்தேகம் உள்ளவர் எழுந்து பேசத் தயங்குவார். கட்டடத்தை ஒட்டிய தெருக்களில் வீடு வீடாகச் செல்லுங்கள். பள்ளித் தலைமை ஆசிரியர், மருத்துவர், கடைக்காரர்கள், வழிபாட்டு இடங்களின் பொறுப்பாளர்கள் ஆகியோரைத் தனித்தனியே சந்தியுங்கள். பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து பேசும் சிறு கூட்டங்கள் சிலவற்றுக்குப் பிறகு பொதுக்கூட்டம் தேவைப்பட்டால் நடத்தலாம்.

அந்தச் சந்திப்புகளில் முதலில் சொல்ல வேண்டியது, எது முடிவாகிவிட்டது, எதில் இன்னும் அவர்களுடைய சொல்லுக்கு இடம் இருக்கிறது என்பதைத்தான். தங்குமிடம் வருவது முடிவாகிவிட்டதென்றால், யார் அந்த முடிவை எடுத்தார்கள் என்பதோடு சேர்த்து அதை நேராகச் சொல்லுங்கள். முடிந்துபோன விஷயத்துக்குக் ‘கருத்துக் கேட்பு’ என்று பெயர் சூட்டினால், அடுத்த முறை நீங்கள் உண்மை சொன்னாலும் நம்ப மாட்டார்கள். வெளிவிளக்குகள், வாகன நுழைவு, குப்பை எடுக்கும் நேரம், பொது அறையின் பயன்பாடு போன்றவற்றில் அயலாரின் யோசனையை உண்மையாகவே ஏற்க முடியும். அவற்றை மட்டும் அவர்கள் முன் வையுங்கள். எத்தனை பேர், ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, இரவில் எத்தனை ஊழியர்கள் என்பவற்றை எழுத்திலும் கொடுங்கள்.

நெருக்கடியில் வாய் தவறி வரும் ஒரு வாக்குறுதியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ‘குடும்பங்கள் மட்டுமே வருவார்கள்’ என்று சொன்னால் கூட்டம் அப்போதைக்கு அமைதியாகிவிடும். ஆனால் யாரை எங்கே அனுப்புவது என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் அல்ல. ஆறு மாதம் கழித்துத் தனி ஆண்கள் சிலர் வந்தால், தவறேதும் செய்யாத அவர்கள்தான் உங்கள் வாக்குறுதி உடைந்ததற்கான கோபத்தைத் தாங்க வேண்டியிருக்கும். ‘இப்போது வருவது குடும்பங்கள், இது மாறலாம், மாறினால் முன்கூட்டியே சொல்வேன்’ என்பதற்கு மேல் போகாதீர்கள்.

இனி, அந்தப் பட்டியல். அதைக் கொடுக்கவே கூடாது. புகலிடம் கோருபவர் ஓர் அரசிடமிருந்தோ ஆயுதக் குழுவிடமிருந்தோ தப்பி வந்தவராக இருக்கலாம். அவர் இருக்குமிடம் வெளியே தெரிவது அவருக்கும், ஊரில் விட்டு வந்த உறவினருக்கும் ஆபத்தாகலாம். ஒரு நாட்டிலிருந்து ஒரே ஒரு குடும்பம் மட்டும் வந்திருக்கும்போது அந்த நாட்டின் பெயரே அவர்களை அடையாளம் காட்டிவிடும். அதே சமயம், ‘சொல்ல முடியாது’ என்று கதவைச் சாத்துவதும் தவறு. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை யாரை அகதி என்கிறது, கோரிக்கையை எந்த அலுவலகம் விசாரிக்கிறது, முடிவு வரும்வரை சட்டப்படி இவர்களுடைய நிலை என்ன என்பதை விளக்குங்கள். இவர்கள் ஏன் வேலைக்குப் போகாமல் இருக்கிறார்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். பல நாடுகளில் சட்டமே சில காலம் தடுக்கிறது: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013-ஆம் ஆண்டு விதி, அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்குள் வேலைவாய்ப்பைத் திறந்துவிட வேண்டும் என்றது, 2024-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஆறு மாதமாகக் குறைத்தது. உங்கள் நாட்டின் விதியை ஒரு பக்கத் தாளில் எழுதி வைத்திருங்கள்.

எந்த விளக்கமும் ஈடுகட்ட முடியாத ஒன்று, தங்குமிடம் மோசமாக நடப்பது. ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில், லிக்டன்ஹாகன் குடியிருப்புப் பகுதியிலிருந்த, புகலிடம் கோருவோருக்கான பதிவு மையம் 1992 கோடையில் நிரம்பி வழிந்தது. இடம் கிடைக்காதவர்கள், கழிப்பறைகூட இல்லாமல், வெளியே புல்வெளியில் நாட்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். அயலாரின் புகார்கள் குவிந்தும் அதிகாரிகள் அசையவில்லை. ஆகஸ்டில் அங்கே வெடித்த இனவெறி வன்முறையில், அதே கட்டடத் தொடரில் நூற்றுக்கும் மேற்பட்ட வியட்நாமியர் இருந்த வீடுகளுக்குத் தீ வைத்தார்கள்; அவர்கள் கூரை வழியாகத் தப்பினார்கள். வன்முறைக்கான பொறுப்பு அதைச் செய்தவர்களுடையது. ஆனால் நிர்வாகத்தின் அலட்சியம் அவர்களுக்குக் களம் அமைத்துக் கொடுத்தது. ஆகவே 120 என்ற எண்ணை மீறி ஆட்களை அனுப்பினால் எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். பேரிடர் உதவி அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் மனிதாபிமான நியமங்கள் சொல்லும் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் என்பது நெருக்கடிக் காலக் குறைந்தபட்ச அளவு. அதை மாதக்கணக்கில் வாழ்வதற்கான அளவாகக் கொள்ளக் கூடாது. மருத்துவரிடமும் பள்ளியிடமும் கூடுதல் இடங்கள் பற்றி இப்போதே பேசி, அதற்கான நிதி யாரிடமிருந்து வரும் என்பதையும் உறுதிசெய்யுங்கள். அயலாருக்கு மருத்துவரைப் பார்க்கும் காத்திருப்பு நீண்டுவிட்டால், அவர்களின் கோபத்தை வெறுப்பு என்று ஒதுக்குவது நேர்மையாகாது.

இரவிலும் எடுக்கப்படும் ஒரே தொலைபேசி எண்ணை எல்லா வீடுகளுக்கும் கொடுங்கள். ஒவ்வொரு புகாரையும் பதிவேட்டில் எழுதி, என்ன செய்தீர்கள் என்பதை இரண்டு நாளுக்குள் புகார் சொன்னவருக்குத் தெரிவியுங்கள். வதந்தி பரவும் நாளில் மக்கள் அழைப்பதற்கு ஏற்கெனவே பழகிய ஒருவர் இருக்க வேண்டும். 2024 ஜூலையில் இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டபோது, கொலையாளி படகில் வந்த புகலிடக் கோரிக்கையாளர் என்ற பொய் சில மணி நேரத்தில் பரவியது. அவர் பிரிட்டனிலேயே பிறந்தவர். இருந்தும் ஆகஸ்ட் 4 அன்று, ரோதர்ஹாம் அருகே புகலிடம் கோருவோர் இருந்த விடுதியை ஒரு கும்பல் தாக்கித் தீ வைக்க முயன்றது. காவல்துறையில் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஓர் அதிகாரியும், ஒத்திகை பார்த்த வெளியேற்றத் திட்டமும் திறப்பதற்கு முன்பே உங்களிடம் இருக்க வேண்டும்.

இரு தரப்பையும் சேர்ப்பதற்கு விருந்தும் மேடையும் போதாது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரம் 2016-இல் தொடங்கிய ‘பிளான் ஐன்ஸ்டீன்’ திட்டத்தில், தங்குமிட வளாகத்திலேயே உள்ளூர் இளைஞர்களும் வாடகைக்குக் குடியிருந்தார்கள். ஆங்கில வகுப்பும் தொழில்முனைவுப் பயிற்சியும் அக்கம்பக்கத்தாருக்கும் திறந்திருந்தன. இருவருக்கும் பயன் தரும் ஒன்றில் இருவரும் பக்கத்தில் உட்காரும் இந்த ஏற்பாடே சரியானது என்பது என் கருத்து. குடியிருப்போரைக் கதை சொல்ல அழைக்காதீர்கள், குழந்தைகளைப் படமெடுத்துச் செய்தித்தாளுக்குத் தராதீர்கள். உணவும் அறையும் உங்கள் கையில் இருக்கும்போது அவர்களால் மறுக்க முடியாது. வீட்டு விதிகளையும் குப்பை, சத்தம் தொடர்பான புகார்களையும் அவர்களே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுடன், மொழிபெயர்ப்பாளர் வைத்து, வாரம் ஒருமுறை பேசுங்கள்.

கட்டடத்தின் உள்ளே பார்க்க விரும்பும் அயலாரை இந்த மூன்று வாரத்துக்குள் அழைத்துவிடுங்கள். அறைகள், சமையலிடம், தீயணைப்பு ஏற்பாடு எல்லாவற்றையும் காட்டுங்கள். முதல் குடும்பம் வந்த பிறகு அப்படிப்பட்ட சுற்றிப்பார்த்தலுக்கு அனுமதி தர வேண்டாம். உள்ளே வர விரும்புபவர், அங்கே குடியிருக்கும் ஒருவரின் விருந்தினராக வரட்டும்.