சங்கிலிக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம்: ரோயிங் மெஷின் கேள்வி பதில்

துடுப்புப் போடுவது போல உட்கார்ந்து இழுத்து உடற்பயிற்சி செய்யும் ரோயிங் மெஷினை வீட்டில் வைத்திருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதி துருவைப் பற்றியவை. கடலோர ஊரில் இது எதிர்பார்த்ததுதான். அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

கான்செப்ட் 2 கம்பெனியின் காற்று வகை மெஷின் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. சங்கிலியில் செம்பழுப்பாகப் பொடி வருகிறது, இழுத்தால் கரகரவென்று சத்தம். தேங்காய் எண்ணெய் போட்டோம். நாலு நாள் சத்தமில்லை, அப்புறம் முன்பைவிட மோசம். சங்கிலியையே மாற்ற வேண்டுமா?
*வாசகி, பெசன்ட் நகர்*

அநேகமாக மாற்ற வேண்டியிருக்காது. தேங்காய் எண்ணெயை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். நல்லெண்ணெய்க்கும் இதே பதில்தான். தாவர எண்ணெய் எதுவானாலும் காற்றுபட்டுக் கெட்டு, நாளாக ஆகப் பிசுபிசுப்பாகிவிடும். துருப்பொடியும் வீட்டுத் தூசியும் அந்தப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டால் சங்கிலிக்குள் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போலத்தான். நாலு நாள் கழித்து உங்களுக்குக் கேட்டது அந்தச் சத்தம்.

போட வேண்டியது கனிம எண்ணெய். மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் லிக்விட் பாரஃபின் இருக்கிறதே, அது சுத்திகரித்த கனிம எண்ணெய்தான், தாராளமாகப் போடலாம். தையல் மெஷின் எண்ணெயும் ஆகும், ஆனால் தண்ணீர் போல இருப்பதால் சீக்கிரம் காய்ந்துவிடும். பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 ஆயில் மெக்கானிக் கடையில் இருந்தால் அதுவும் சரி. புதிய ஆயிலாக இருக்கட்டும், வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயில் வேண்டாம். டபிள்யூ.டி.-40 போன்ற ஸ்பிரேக்களைச் சங்கிலியில் அடிக்கவே கூடாது. அவை கண்ணிகளுக்குள் இருக்கும் எண்ணெயையும் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும்.

போடும் முறை: டிஷ்யூ பேப்பரை நாலாக மடித்து ஒரு டீஸ்பூன் எண்ணெயை அதில் ஊற்றுங்கள். சங்கிலி வெளியே வரும் வாயருகே அந்த டிஷ்யூவால் இடது கையில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கைப்பிடியை மெதுவாகக் கடைசிவரை இழுங்கள். சங்கிலி முழுக்க டிஷ்யூவுக்குள் புகுந்து வரும். அதே வேகத்தில் உள்ளே விடுங்கள். ஐந்தாறு முறை இப்படிச் செய்துவிட்டு, காய்ந்த டிஷ்யூ ஒன்றை எடுத்து அதே மாதிரி துடையுங்கள். மேலே எண்ணெய் மினுமினுக்கக் கூடாது. மேலே நிற்கிற எண்ணெய் தூசியைத்தான் பிடிக்கும், கண்ணிக்குள் இறங்கியதுதான் வேலை செய்யும்.

உங்கள் சங்கிலியில் பழைய பிசுக்கு இருப்பதால் முதல் நாள் மூன்று நான்கு சுற்று ஆகும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் டிஷ்யூவைப் பாருங்கள். செங்கல் நிறத்தில் வந்தால் இன்னும் துரு இருக்கிறது, வெளிறிய பழுப்பாக வந்தால் போதும். பிறகு சங்கிலியைத் தளர்வாகப் பிடித்துக் கண்ணிகளைப் பாருங்கள். ஏதாவது ஒரு கண்ணி முழங்கால் மடித்த மாதிரி நிமிராமல் நின்றால் அதை எண்ணெய் விட்டுப் பக்கவாட்டில் லேசாக அசைத்துக் கொடுங்கள். இரண்டு மூன்று நாளில் இளகவில்லை என்றால் அப்போது புதுச் சங்கிலி வாங்கலாம்.

கம்பெனிக் கணக்கு, 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை எண்ணெய். தினம் அரை மணி நேரம் செய்பவருக்கு அது 100 நாள். கடலிலிருந்து நாலு தெரு தள்ளியிருக்கும் வீட்டில் அவ்வளவு நாள் காத்திருந்தால் துருதான் பிடிக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர், பட்டினப்பாக்கம் வாசகர்கள் மணிக்கணக்கை விட்டுவிட்டுக் காலண்டர் பார்த்துப் போடுங்கள். மாதம் ஒரு முறை, மெஷினைத் தொடாத மாதமானாலும் சரி. ஓடாமல் நிற்கிற சங்கிலியில்தான் துரு சீக்கிரம் ஏறும்.

பிளாஸ்டிக் உறை போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். வியர்வை ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பழைய பருத்தி வேட்டி இருந்தால் அதைப் போர்த்துங்கள், அதைவிட நல்ல உறை கடையில் கிடைக்காது.

ஆறு மாதமாக மெஷின் லேசாகிக்கொண்டே வருகிறது. டாம்பரை (சக்கரத்துக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பிடி) 10-ல் வைத்தாலும் முன்பு 5-ல் இருந்த கனம்கூட இல்லை. நான் பலசாலி ஆகிவிட்டேன் என்கிறார் மனைவி. உண்மையா?
*வாசகர், மேடவாக்கம்*

கொஞ்சம் உண்மையாகவும் இருக்கலாம். முதலில் தூசியைப் பார்த்துவிடுவோம். பக்கத்தில் கட்டட வேலை நடக்கும் தெருவாக இருந்தால் அதுவே காரணமாக இருக்கும்.

காற்று வகை மெஷினில் சக்கரம் ஒரு மின்விசிறி போலக் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது. அந்தக் காற்றோடு பஞ்சு, முடி, சிமென்ட் தூசி எல்லாம் ஓட்டை போட்ட உறையில் போய் அடைந்துகொள்ளும். உள்ளே போகும் காற்று குறைந்தால் இழுக்கும் கனமும் குறையும். மானிட்டரில் டிராக் ஃபேக்டர் என்று, காற்று சக்கரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் ஒரு எண் வருமே, அதைக் காட்டச் சொல்லிவிட்டு டாம்பரை 10-ல் வைத்துப் பத்து இழுப்பு இழுங்கள். கடல் மட்ட ஊரில், சுத்தமான மெஷினில் 200-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 180-க்குக் கீழே போனால் உள்ளே சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது.

முதலில் வேக்குவம் கிளீனரை உறையின் ஓட்டைகள் மேல் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். எண் ஏறவில்லை என்றால் ஓட்டை போட்ட வெளி உறையின் திருகுகளைக் கழற்றி, ஒரு டம்ளரில் போட்டு வைத்துக்கொண்டு, உள்ளே காய்ந்த பிரஷ்ஷால் தட்டி உறிஞ்சுங்கள். ஈரத்துணி வேண்டாம், தூசி சேறாகி ஒட்டிக்கொள்ளும். மானிட்டருக்குப் போகும் ஒயர் அங்கே இருக்கிறது, இழுத்துவிடாதீர்கள். முடித்ததும் மறுபடி பத்து இழுப்பு இழுத்து, வரும் எண்ணைக் காலண்டரில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பிட அது உதவும்.

ஒன்று கவனித்தீர்களா? மெஷின் லேசானாலும் மானிட்டர் காட்டும் உங்கள் 500 மீட்டர் நேரம் பொய் சொல்லியிருக்காது. இரண்டு இழுப்புக்கு நடுவே சக்கரம் எவ்வளவு சீக்கிரம் தளர்கிறது என்பதை மானிட்டர் ஒவ்வொரு முறையும் அளந்து, அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. 500 மீட்டருக்கு 2 நிமிடம் என்று வந்தால், டாம்பர் எங்கே இருந்தாலும் நீங்கள் கொடுத்தது சுமார் 203 வாட்தான். ஆகவே மனைவி சொன்னது சரியா என்பதற்கு அந்த நேரத்தையே சாட்சிக்குக் கூப்பிடலாம்.

அப்புறம், 10-ல் வைத்தால்தான் உடற்பயிற்சி என்பது தப்பு. 3 முதல் 5 வரை போதும். 10 என்பது கனமான, மெதுவாகப் போகும் படகை இழுப்பது மாதிரி. முதுகுதான் கூலி கொடுக்கும்.

கரன்ட் போனால் மெஷின் ஓடுமா?
*வாசகி, அம்பத்தூர்*

ஓடும். காற்று, தண்ணீர் வகைகளுக்கு பிளக்கே கிடையாது. காந்த வகையில் சிலவற்றுக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். மின்விசிறி நின்றுவிடுமே, அதற்குத்தான் எங்களிடம் பதில் இல்லை.

மரச்சட்டமும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள மெஷின். ஜன்னலோரம் வைத்திருக்கிறோம். தண்ணீர் பச்சையாகிவிட்டது. மாடித் தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடரில் ஒரு சிட்டிகை போடலாமா?
*வாசகர், அண்ணா நகர்*

கூடாது. நீச்சல் குளக் குளோரினும் கூடாது. தொட்டி கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். கடுமையான குளோரின் பட்டால் அது மங்கிப்போகும், விரிசலும் விடலாம். மெஷினோடு வரும் சுத்திகரிப்பு மாத்திரை ஒன்றைப் போட்டு ஐந்து நிமிடம் இழுத்துக் கலக்கிவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் தெளியவில்லை என்றால் தண்ணீரை மாற்றுவதுதான் வழி.

மெஷினோடு வந்த கைப்பம்பைத் தேடி எடுங்கள். தொட்டியின் மேல் மூடியைக் கழற்றிக் குழாயின் ஒரு முனையை உள்ளே விட்டு, இன்னொரு முனையைத் தொட்டியைவிடத் தாழ்வாக ஒரு வாளியில் வையுங்கள். பம்பை நாலு தடவை அழுத்தினால் தண்ணீர் தானாக இறங்கிவிடும். திரும்ப நிரப்ப போர் தண்ணீர் வேண்டாம். உப்பும் சுண்ணாம்பும் தொட்டிச் சுவரில் வெள்ளையாகப் படியும், உள்ளே கைவிட்டுத் தேய்க்க வழியில்லை. ஆர்.ஓ. தண்ணீர் நல்லது, ஒரு 20 லிட்டர் கேன் வாங்கினால் வேலை முடிந்தது. உங்களுடையது வாட்டர்ரோவர் கம்பெனி மெஷின் என்றால் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கோட்டில் வழக்கமான அளவு 17. மெஷின் சமதளத்தில், தண்ணீர் அசையாமல் இருக்கும்போது பாருங்கள். புது மாத்திரை ஒன்றைப் போட்டு மூடுங்கள். அடுத்தது ஆறு மாதம் கழித்து, அல்லது நிறம் மாறும்போது.

பாசி வளர்ந்ததற்குக் காரணம் அந்த ஜன்னல் வெயில். மெஷினை நகர்த்துங்கள், முடியாவிட்டால் தொட்டி மேல் மட்டும் ஒரு துணியாவது போடுங்கள். இல்லையென்றால் மாத்திரைக்குச் செலவழித்துக்கொண்டே இருப்பீர்கள். மரம் கோடையில் சுருங்கி ஐப்பசி மழையில் உப்பும், போல்ட் தளரும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை எல்லா போல்ட்டையும் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

காலை 5.30-க்குச் செய்கிறேன். கீழ் வீட்டு மாமா அசோசியேஷன் மீட்டிங்கில் புகார் கொடுத்துவிட்டார். தரையில் யோகா பாய் விரித்தும் பயனில்லை.
*வாசகர், வேளச்சேரி*

சக்கரத்தின் காற்றுச் சத்தம் உங்கள் வீட்டுக்குள்தான். மாமாவை எழுப்புவது தரை வழியாக இறங்கும் அதிர்வு. சீட் முன்னால் போய் முட்டுவதும், கைப்பிடியைப் பட்டென்று விடுவதும்தான் கீழே தொம்மென்று கேட்கும். யோகா பாய் மெத்தென்று அமுங்கிவிடும், அதிர்வைத் தாங்காது, மெஷினும் ஆடும். ஜிம்களில் போடும் கெட்டியான ரப்பர் டைல், 15 மில்லிமீட்டராவது தடிமன் உள்ளதாக, முன்கால் பின்கால் இரண்டின் கீழேயும் போடுங்கள். நீளம் முழுக்கத் தேவையில்லை. மெஷினை அறையின் நடுவிலிருந்து சுவர் ஓரத்துக்கு மாற்றுங்கள், தளம் நடுவில்தான் அதிகம் அதிரும்.

பிறகு தண்டவாளத்தைத் துடையுங்கள். சீட் உருளைகள் விட்ட கறுப்புப் படிவு அதில் புள்ளி புள்ளியாக இருக்கும், ஒவ்வொரு புள்ளியும் ஒரு தடக். ஈரத்துணி அல்லது கண்ணாடி துடைக்கும் திரவம் போதும். அதில் எண்ணெய் மட்டும் தடவாதீர்கள். உருளை அச்சில் சுற்றிய முடியை ஊக்கால் எடுத்துவிடுங்கள். தினமும் முடித்தவுடன் அரை நிமிடம் துடைத்தால் இந்தப் படிவு சேரவே சேராது.

இவ்வளவும் செய்துவிட்டு நேரத்தை 6.30-க்குத் தள்ளினால் மாமாவும் சமாதானமாவார்.

பிஸ்டன் வைத்த சின்ன மெஷின். 15 நிமிடத்தில் கனம் போய்விடுகிறது. ரிப்பேரா?
*வாசகி, தாம்பரம்*

ரிப்பேர் இல்லை. பிஸ்டனுக்குள் இருக்கும் எண்ணெய் சூடாகி இளகிவிடுகிறது. சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம் இளகும். 10 நிமிடம் செய்து, ஆறவிட்டுத் தொடருங்கள். தண்டில் எண்ணெய் கசிந்து வளையமாகத் தெரிந்தால்தான் கோளாறு. அப்போது இரண்டு பிஸ்டனையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் லேசாகவும் இழுக்கும்.

பழைய கான்செப்ட் 2 ஒன்று விலைக்கு வருகிறது. போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
*வாசகர், பள்ளிக்கரணை*

மானிட்டரில் மொத்தம் எத்தனை மீட்டர் ஓடியிருக்கிறது என்று காட்டுவார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம், மானிட்டரை ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடலாம். பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பி.எம்.5 மானிட்டருக்கு டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய கட்டை இரண்டு. அங்கே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் பேட்டரி ஒழுகியிருக்கிறது, இழுக்கும்போது திரை விட்டுவிட்டு வருகிறதா என்று பாருங்கள்.

கைப்பிடியைக் கடைசிவரை இழுத்து, கையோடு மெதுவாகக் கொண்டுபோய் விடுங்கள். சங்கிலி தொய்ந்து கீழே விழுந்தாலோ, கடைசி ஒரு சாண் உள்ளே போகாமல் நின்றாலோ உள்ளிருக்கும் ரப்பர் கயிறு தளர்ந்துவிட்டது. அதை இறுக்கலாம், மாற்றவும் செய்யலாம், பெரிய செலவில்லை. அதைச் சொல்லி விலை குறைக்கலாம். ஆனால் நாலைந்து முறை பலமாக இழுத்துச் சக்கரத்தைச் சுற்றவிட்டுக் காதை வைத்துக் கேளுங்கள். காற்றுச் சத்தம் மட்டும் வந்து மெல்ல அடங்க வேண்டும். நறநறவென்று அரைத்தால் பேரிங் போய்விட்டது.

உங்கள் பக்கத்து மெஷின் என்பதால் இன்னொன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் அங்கே தரைத்தள வீடுகளில் தண்ணீர் நின்றது. இந்த மெஷினின் சீட் தரையிலிருந்து 14 அங்குலம்தான், இடுப்பளவு தண்ணீர் வந்த வீட்டில் சக்கரமே மூழ்கியிருக்கும். வெளியே எவ்வளவு பளபளப்பாகத் துடைத்திருந்தாலும் சக்கர உறையின் ஓட்டைகள் வழியாகச் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். மூலைகளில் காய்ந்த சேறு கோடு போட்டிருந்தால், என்ன விலை சொன்னாலும் வாங்காதீர்கள்.