சிறு பாய்மரப் படகின் மின்சாரமும் வழிகாட்டிக் கருவிகளும்: கேள்வி பதில்

பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு உட்பட்ட பயணப் படகுகளின் 12 வோல்ட் அமைப்பு, அதில் இயங்கும் வழிகாட்டிக் கருவிகள் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே விடை எழுதுகிறேன். கரை மின்சார இணைப்பு உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால், அதற்கு உரிய தகுதி பெற்ற மின் பணியாளரையே அணுகுங்கள்.

கேள்வி: பழைய ஈய பேட்டரிகளை எடுத்துவிட்டு அதே இடத்தில் லிதியம் பேட்டரி வைத்தால் போதுமா?

போதாது. ஈய பேட்டரி நிறைய நிறைய, தான் வாங்கும் மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்கு அதனால் ஓய்வு கிடைக்கும். லிதியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியோ ஏறத்தாழ நிறையும் வரை கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகவே சுழல்வதால், சுருள் சூடேறிக் கருகும் வாய்ப்பு மிகுதி. இதைவிடக் கொடியது இன்னொன்று: பேட்டரியின் உள்ளே இருக்கும் காப்பு மின்சுற்று, ஏதோ ஒரு காரணத்தால் திடீரெனத் துண்டித்துக்கொண்டால், ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்துகொண்டிருக்கும் மின்சாரம் போக இடமின்றி மின்னழுத்தமாக எகிறி, அதன் டயோடுகளையும் அந்நேரத்தில் இணைப்பில் உள்ள கருவிகளையும் எரித்துவிடும்.

ஆகவே ஆல்டர்னேட்டரை எஞ்சின் கிளப்பும் ஈய பேட்டரியோடு அப்படியே விட்டுவிட்டு, அங்கிருந்து டிசி-டிசி சார்ஜர் வழியாக லிதியத்துக்கு மின்சாரம் கொண்டுபோங்கள். சார்ஜர் 30 ஆம்பியர் என்றால் ஏறத்தாழ அந்த அளவுக்கு மேல் ஆல்டர்னேட்டரிடம் கேட்காது. லிதியத்தில் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதை வோல்ட்மீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெரும்பகுதி நேரம் 13 வோல்ட்டை ஒட்டியே அது நிற்கும். பாயும் மின்னோட்டத்தை அளக்கும் ஷண்ட் பொருத்திய பேட்டரி மானிட்டர் கட்டாயம். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது.

எந்த வகை பேட்டரியாக இருந்தாலும், நேர்முனையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு ஒயருக்கும் பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வேண்டும். லிதியம் குறுக்குச்சுற்று ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும் என்பதால், 20,000 ஆம்பியர் வரை துண்டிக்க வல்ல கிளாஸ் டி (Class T) ஃபியூஸே அதற்கு ஏற்றது.

கேள்வி: எனக்கு எத்தனை ஆம்பியர்-மணி பேட்டரி தேவை?

கடையில் கேட்காதீர்கள், காகிதத்தில் எழுதிக் கூட்டுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: கடல் வரைபடம் காட்டும் சார்ட்பிளாட்டரும் மற்றக் கருவிகளும் 1.5 ஆம்பியர் வீதம் 24 மணி நேரத்துக்கு 36, தானே சுக்கானைத் திருப்பும் ஆட்டோபைலட் சராசரியாக 2.5 ஆம்பியர் வீதம் 60, பாதி நேரம் ஓடும் 4 ஆம்பியர் குளிர்பெட்டிக்கு 48, வானொலியும், சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ்ஸும் சேர்ந்து 17, எல்இடி விளக்குகள் 4. மொத்தம் 165. ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால் 330 ஆம்பியர்-மணி வேண்டும். 80 சதவீதம் எடுக்கக்கூடிய லிதியத்தில் ஏறத்தாழ 206 போதும். உங்கள் படகில் ஒவ்வொரு கருவியும் இழுப்பதை அளந்து, என் எண்களுக்குப் பதிலாக அவற்றை வையுங்கள்.

கேள்வி: காற்று வலுக்கும்போது ஆட்டோபைலட் அணைந்து அணைந்து எரிகிறது. கருவியை மாற்ற வேண்டுமா?

முதலில் ஒயரைப் பாருங்கள். பேட்டரிக்கும் பைலட்டுக்கும் 6 மீட்டர் தூரம் என்றால், போகவர 12 மீட்டர் செம்பு. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் சுக்கானைத் திருப்ப 8 ஆம்பியர் பாயும்போது 0.66 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. பேட்டரி ஏற்கெனவே 12 வோல்ட்டில் களைத்திருந்தால், பைலட்டின் கணினிக்குக் கிடைப்பது 11.3 தான். 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 0.28 ஆகக் குறையும். பைலட், வழிகாட்டி விளக்கு, படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் ஆகியவற்றுக்கு இழப்பு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெள்ளீயம் பூசிய பல இழை ஒயரையே வாங்குங்கள். பூசாத செம்பை உப்புக்காற்று உறைக்குள்ளேயே கறுப்பாக்கிவிடும்.

கேள்வி: நான் மின்னணுப் பலகைகளைப் பல ஆண்டுகளாகப் பழுது பார்ப்பவன். ஒயரின் நுனியில் கருவியால் அழுத்திப் பொருத்திய, அதாவது கிரிம்ப் செய்த, உலோக முனை (லக்) நாளடைவில் தளரும். உருக்கி ஒட்டும் உலோகமான சால்டர் வைத்த இணைப்பில் ஈரமே புகாது. படகிலும் சால்டர்தானே சிறந்தது?

பலகையில் நீங்கள் சொல்வது சரி. படகில் ஒயர் ஓயாமல் அதிர்கிறது. சால்டர் உருகும்போது இழைகளுக்கிடையே ஊறி மேலேறி, ஒயரின் ஒரு சிறு நீளத்தைக் கம்பிபோல் விறைப்பாக்குகிறது. விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் அந்த ஒரே இடத்தில் எல்லா வளைவும் சேர்கிறது.

என் படகை வாங்கிய முதல் ஆண்டில் பில்ஜ் பம்ப் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. பம்ப், மிதவை சுவிட்ச், ஃபியூஸ் அனைத்தையும் சோதித்து அலுத்த பிறகு ஒயரைப் பிடித்து இழுத்தேன். ஓர் இடத்தில் மட்டும் உறை ரப்பர்போல் நீண்டது. பிளந்து பார்த்தபோது, பளபளவென்று அழகாக வைத்த சால்டர் அப்படியே இருந்தது. அது முடியும் விளிம்பில் இழைகள் அத்தனையும் கத்தியால் நறுக்கியதுபோல் ஒரே வரிசையில் முறிந்து, நுனி கறுத்து, படகு ஆடும்போது ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருந்தன. படகு மூழ்காமல் காக்க வேண்டிய பம்ப் அந்தத் தொடுதலை நம்பித்தான் இருந்தது.

தொடர் கேள்வி: அப்படியானால் கிரிம்ப் செய்துவிட்டு அதன் மேல் சால்டரும் வைத்தால் இரண்டு நன்மையும் கிடைக்குமே?

கிரிம்பின் பலத்தோடு சால்டரின் விறைப்பும் சேரும். முறியும் இடம் அப்படியே இருக்கும். சரியான கருவியால் அழுத்திய லக்கில் செம்பும் லக்கும் இடைவெளியின்றி ஒன்றிவிடுவதால், சால்டர் நுழைய இடமே இல்லை. ஈரத்தைத் தடுக்க உட்புறம் பசை உள்ள சுருங்கு குழாயைப் போடுங்கள். இடுக்கியால் நசுக்கியதைக் கிரிம்ப் என்று சொல்லாதீர்கள். தளர்கிறது என்று நீங்கள் குறிப்பிட்ட லக்குகள் அப்படி நசுக்கியவையாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொருவர்: என் படகில் முப்பது ஆண்டுப் பழைய சால்டர் இணைப்புகள் இன்றும் நன்றாக உள்ளன. நீங்கள் மிகைப்படுத்துகிறீர்கள்.

இருக்கலாம். இணைப்பின் இரு புறமும் ஒயரை அசையாமல் கட்டி வைத்திருந்தால் சால்டர் நீண்ட நாள் நிற்கும். ஆயினும் படகுகளுக்குத் தரநிலை வகுக்கும் அமெரிக்காவின் ஏபிஒய்சி அமைப்பு தன் இ-11 தரநிலையில், பேட்டரி லக் போன்ற விதிவிலக்கு தவிர, சால்டரை மட்டுமே பிடிமானமாக நம்பக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஈயம் கலந்த சாதாரண சால்டர் 190 டிகிரிக்குள் உருகிவிடும். இணைப்பு சூடேறினால் மின்சாரம் உள்ள ஒயர் கழன்று விழும். விழுந்த ஒயரைக் காப்பது பேட்டரியை ஒட்டிய ஃபியூஸ் மட்டுமே. இந்த விவாதத்தில் நான் சொல்ல வேண்டியது இவ்வளவே. மற்றவர்களின் கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி: விஎச்எஃப் வானொலியில் என் குரல் தூரத்துப் படகுகளுக்கு எட்டவில்லை. புதிய வானொலி எது வாங்கலாம்?

வானொலியை விடுங்கள், பாய்மர உச்சிக்குப் போகும் கேபிளைப் பாருங்கள். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 20 மீட்டரில் ஏறத்தாழ 4 டெசிபல் தின்றுவிடும்; 25 வாட்டில் உச்சிக்குப் போய்ச் சேர்வது 10 வாட். தடித்த ஆர்ஜி-213 போட்டால் 16 வாட் போய்ச் சேரும். வானொலிக்கு ஜிபிஎஸ் இணைப்புக் கொடுத்து, படகின் வானொலி அடையாளமான எம்எம்எஸ்ஐ எண்ணும் பதிந்தீர்களா? இல்லையென்றால் ஆபத்துக்கான சிவப்புப் பொத்தானை அழுத்தியும் நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள் என்பது எவருக்கும் தெரியாது.

கேள்வி: உச்சியில் எல்இடி விளக்கு மாற்றிய பிறகு ஏஐஎஸ்ஸில் கப்பல்கள் குறைவாகத் தெரிகின்றன. தொடர்பு உண்டா?

உண்டு. மலிவான எல்இடியின் உள்ளிருக்கும் மின்மாற்றுச் சுற்று, ஏஐஎஸ்ஸும் பயன்படுத்தும் விஎச்எஃப் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018இல் இதைப் பற்றி எச்சரித்தது. அமைதியான சேனல் ஒன்றில் இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் அடங்கும் எல்லையில் நிறுத்தி, விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்பினால் விளக்கைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: லிதியத்தை நேராக மாற்றலாமா?

முதல் விடையைப் படியுங்கள்.

கேள்வி: கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் என்எம்இஏ 2000 வலையில் கருவிகள் திடீர் திடீரென மறைகின்றன.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரண்டு தகவல் ஒயர்களுக்கிடையே மின்தடையை அளவிடுங்கள். 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் வலையின் இரு கோடிகளிலும் இருக்க வேண்டிய முனைத்தடைகளில் ஒன்று இல்லை. 40 வந்தால் ஒன்று கூடுதல்.

கேள்வி: டேப்லெட்டில் வரைபடம் இருக்கும்போது தனியாகச் சார்ட்பிளாட்டர் எதற்கு?

வெயிலில் சூடேறி அணையாத, அலைநீர் பட்டாலும் தொடுதிரை தடுமாறாத திரை ஒன்று சுக்கானருகே வேண்டும். டேப்லெட்டைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் திரையானாலும், போகும் பாதை முழுவதையும் பெரிதாக்கி ஒருமுறை பார்த்தே தீர வேண்டும். 2014 நவம்பர் 29 அன்று வால்வோ ஓஷன் ரேஸில் டீம் வெஸ்டாஸ் விண்ட் படகு, மொரிஷியசுக்கு வடகிழக்கே உள்ள கார்காடோஸ் கராஹோஸ் பவளத் திட்டில் முழு வேகத்தில் மோதியது. அவர்கள் பார்த்த உருப்பெருக்கத்தில் அத்திட்டின் ஆபத்து தெரியவில்லை. கருவியில் பழுது ஏதும் இல்லை.

கேள்வி: ஃபியூஸைச் சுவிட்ச் பலகையில் வைத்தால் போதாதா? பேட்டரிப் பெட்டியில் இடமில்லை.

போதாது. பேட்டரிக்கும் பலகைக்கும் இடையில் ஒயர் உரசித் தேய்ந்து எஞ்சினைத் தொட்டால், பலகையில் உள்ள ஃபியூஸ் அதை அறியவே அறியாது. பேட்டரி முனையின் மேலேயே பொருத்தும் ஃபியூஸ் தாங்கி கிடைக்கிறது. அதற்கு இரண்டு விரல் இடம் போதும்.

கேள்வி: பைலட் நேராகப் போய்க்கொண்டிருந்து, சில வேளைகளில் மட்டும் 15 டிகிரி விலகுகிறது. எல்லா இணைப்பும் சரியாக உள்ளது.

விலகும் நேரத்தில் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று குறித்து வையுங்கள். பைலட்டின் திசையறி உணரிக்கு அருகே போகும் பம்ப் ஒயரோ விளக்கு ஒயரோ மின்னோட்டம் பாயும்போது காந்தமாகிறது; நேர், எதிர் ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டினால் அது அடங்கும். அதுவும் இல்லையென்றால் உணரி இருக்கும் தடுப்புக்கு மறுபக்கம் உள்ள அலமாரியைத் திறந்து, அங்கே ஒலிபெருக்கியோ இரும்புக் கருவிப் பெட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள்.